ஓய்வுக்குப் பின் வாடகை ஜெட் விமானப் பணி: ஊதியம் எவ்வளவு, வாய்ப்பு எங்கே, வயது வரம்பு எது?

புது தில்லி: பயணிகள் விமான நிறுவனங்களிலிருந்து ஓய்வு பெறும் மூத்த விமானிகளுக்கு வாடகை ஜெட் விமானப் பணியே இயல்பான அடுத்த கட்டம் என்ற எண்ணம் விமானத் துறையில் பரவலாக உள்ளது. அமெரிக்காவில் அது பெருமளவு உண்மை. இந்தியாவில் பாதி மட்டுமே உண்மை. இங்கே பயணிகள் விமானத்துக்கு உள்ள 65 வயது வரம்பு, கட்டணம் பெற்று இயக்கப்படும் வாடகை விமானத்துக்கும் பொருந்தும். ஆகவே ‘ஓய்வுக்குப் பின்’ என்று பேசப்படும் இந்த வேலையை இந்திய விமானி ஒருவர் 65 வயதுக்கு முன்பே தேடிக்கொண்டாக வேண்டும்.

எந்த வயது வரை பறக்கலாம், ஊதியம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, ஒப்பந்தத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும், 65-க்குப் பிறகு என்ன வழி என்பன குறித்த விளக்கம் வருமாறு:

இரண்டு ஓய்வு வயதுகள்

விமானியின் பணி வாழ்வில் இரண்டு வரம்புகள் உள்ளன. ஒன்று, நிறுவனம் தன் பணி விதிகளில் நிர்ணயிக்கும் ஓய்வு வயது. மற்றொன்று, சட்டம் நிர்ணயிக்கும் உச்ச வயது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 2006 நவம்பரில் வணிக விமானிகளுக்கான வயது வரம்பை 60-லிருந்து 65 ஆக உயர்த்தியது. இந்திய விமான விதிகளும் அதே வரம்பைப் பின்பற்றுகின்றன. 65 வயது நிறைந்த ஒருவர் வணிக விமானப் போக்குவரத்தில் தலைமை விமானியாகவோ துணை விமானியாகவோ பணியாற்ற முடியாது. 60 வயதைக் கடந்தவர், ஒன்றுக்கு மேற்பட்ட விமானிகள் இயக்கும் விமானத்தில் மட்டுமே பறக்கலாம். ஒரே விமானி இயக்கும் சிறிய விமானங்களின் வணிகச் சேவை அவருக்கு 60-லேயே முடிந்துவிடுகிறது.

நிறுவன ஓய்வு வயதோ இடத்துக்கு இடம் மாறுபடும். ஏர் இந்தியாவில் நீண்ட காலம் அது 58 ஆக இருந்தது. அங்கிருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு வாடகை விமானத் துறையில் சட்டப்படி 7 ஆண்டுகள் மிச்சமிருந்தன. 2025 ஆகஸ்டில் அந்நிறுவனம் விமானிகளின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தியது. முழுப் பணிக்காலமும் அங்கேயே இருப்பவருக்கு நிறுவன ஓய்வும் சட்ட வரம்பும் இப்போது ஒரே நாளில் வருகின்றன. இந்திய வாடகை விமானத்தின் கதவும் அன்றே மூடிவிடுகிறது.

எனவே இத்துறைக்கு வருவோர் பெரும்பாலும் மூன்று வகையினர். பெரிய நிறுவனத்தின் இரவுப் பணிகளிலிருந்து விடுபட விரும்பி 60-ஐ ஒட்டித் தாமே விலகியவர்கள் முதல் வகை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் என நிறுவனங்கள் சேவையை நிறுத்தியபோது வேலையிழந்தவர்கள் இரண்டாம் வகை. விமானப்படையிலிருந்து ஐம்பதுகளில் ஓய்வு பெற்று வருபவர்கள் மூன்றாம் வகை. இந்த மூன்று வகையினரும் ஒரே வேலைகளுக்கே போட்டியிடுகின்றனர்.

தாமே விலக நினைப்பவர் இன்னொரு விதியையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2017-ல் வெளியிட்ட விதியின்படி, விமான நிறுவனத்திலிருந்து விலகும் தலைமை விமானி 12 மாதங்களும், துணை விமானி 6 மாதங்களும் முன்னறிவிப்புக் காலம் பணியாற்ற வேண்டும். 60 வயதில் விலக முடிவெடுப்பவர் புதிய வேலையில் சேரும்போது 61 ஆகியிருக்கும்.

வாடகை விமானம் என்பது எது?

வெளியிடப்பட்ட கால அட்டவணை இன்றி, தேவைப்படுவோருக்குக் கட்டணம் பெற்று விமானம் இயக்க டிஜிசிஏ அளிப்பது அட்டவணைசாரா இயக்குநர் அனுமதி. நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்த அனுமதியை வைத்துள்ளன. அவற்றில் பல, ஒன்றிரண்டு விமானங்கள் மட்டுமே கொண்ட சிறு நிறுவனங்கள். தொழிலதிபர்களின் பயணம், தேர்தல் பிரசாரம், விமான ஆம்புலன்ஸ், திருமணக் குழுக்கள், சுற்றுலா ஆகியவை இவற்றின் முக்கிய வருவாய்.

இதிலிருந்து வேறானது தனியார் வகை விமானம். ஒரு தொழில் நிறுவனம் தன் நிர்வாகிகளின் பயணத்துக்காக மட்டும் வைத்திருக்கும் விமானம் இது. இதைக் கட்டணத்துக்கு விட அனுமதியில்லை. இரண்டும் ஒரே விமானக் கூடத்தில் அருகருகே நிற்கலாம். ஒரே வகை ஜெட்டாகவும் இருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வெவ்வேறு. 65 வயது வரம்பு வணிகச் சேவையைக் குறித்தே எழுதப்பட்டுள்ளது என்பதால், மூத்த விமானிக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 விமானத்தில் 15,000 மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தாலும், அதைக் கொண்டு மட்டும் ஒருவர் வாடகை ஜெட்டின் இருக்கையில் அமர முடியாது. சேலஞ்சர், ஃபால்கன், ஹாக்கர், கல்ஃப்ஸ்ட்ரீம், எம்ப்ரேயர் லெகசி, சிட்டேஷன் என ஒவ்வொரு வகைக்கும் டைப் ரேட்டிங் எனப்படும் தனித் தகுதியை உரிமத்தில் பெற வேண்டும். இந்த ஜெட்களுக்கான சிமுலேட்டர்கள் பெரும்பாலும் வெளிநாடுகளில் உள்ளன. பயிற்சிக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்து செலவு பல லட்சம் ரூபாய் ஆகும்.

அதன் பிறகும் உடனே தலைமை விமானி ஆகிவிட முடியாது. புதிய வகை விமானத்தில் குறிப்பிட்ட மணி நேரம் மேற்பார்வையில் பறந்த பின்னரே பொறுப்பு கிடைக்கும். ஒரு சிறு நிறுவனத்தின் விமானம் மாதம் 25 அல்லது 30 மணி நேரமே பறக்குமானால், அந்த மணி நேரம் சேரவே பல மாதங்கள் ஆகலாம். 62 வயதில் சேர்பவருக்கு எஞ்சியுள்ள மூன்று ஆண்டுகளில் இது கணிசமான பகுதி. இதனால்தான் நிறுவனங்களும் 63, 64 வயதினரின் பயிற்சிக்குச் செலவிடத் தயங்குகின்றன. அந்த வகைத் தகுதியை ஏற்கெனவே வைத்திருப்பவரையே விரும்புகின்றன.

ஊதியம்: பெரிய விமானத்திலிருந்து சிறிய விமானத்துக்கு

பயணிகள் விமான நிறுவனத்தில் தலைமை விமானியின் ஊதியம், உறுதி செய்யப்பட்ட பறப்பு நேரத்தை அடிப்படையாகக் கொண்டது. நிறுவனத்தைப் பொறுத்து மாதம் 40 மணி முதல் 70 மணி நேரம் வரையிலான தொகை, பறந்தாலும் பறக்காவிட்டாலும் கிடைக்கும். அதற்கு மேல் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் கூடுதல் தொகை உண்டு.

வாடகை விமானத்தில் பறப்பு நேரம் குறைவு. காத்திருப்பு நேரம் அதிகம். காலையில் பயணியை இறக்கிவிட்டு மாலை வரை, சில சமயம் இரண்டு நாள் வரை, அதே ஊரில் காத்திருப்பதும் பணியின் பகுதியே. மணிக்கணக்கில் ஊதியம் பேசினால் விமானிக்கு நட்டம். எனவே இங்கே இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன: நிலையான மாத ஊதியம், அல்லது பணியாற்றும் நாளுக்கு இவ்வளவு என்ற நாள் கட்டணம்.

நாள் கட்டணம் பார்வைக்குப் பெரிதாகத் தோன்றும். கணக்குக்காக மட்டும், ஒருவருக்கு மாதம் 5 லட்சம் ரூபாய் நிலையான ஊதியம், அல்லது நாளுக்கு 40,000 ரூபாய் என இரண்டு வாய்ப்புகள் இருப்பதாகக் கொள்வோம். மாதம் 12 நாள் வேலை கிடைத்தால் நாள் கட்டணத்தில் 4.80 லட்சம் ரூபாய் வரும். வித்தியாசம் சிறியது போலிருக்கும். ஆனால் ஆண்டில் 7 மாதங்கள் 12 நாள் வீதமும், மழைக்காலம் போன்ற 4 மந்த மாதங்களில் 6 நாள் வீதமும் வேலை கிடைத்து, விமானம் பராமரிப்புக்குச் செல்லும் ஒரு மாதம் வேலையே இல்லாமற்போனால், மொத்தம் 108 நாட்களே தேறும். ஆண்டு வருவாய் 43.20 லட்சம் ரூபாய். நிலையான ஊதியத்தில் அது 60 லட்சம் ரூபாய். இரண்டும் சமமாக வேண்டுமானால் ஆண்டுக்கு 150 நாள் வேலை கிடைக்க வேண்டும்.

நாள் கட்டணத்தில் பணியாற்றுபவர் சட்டப்படி ஊழியர் அல்லர், ஆலோசகர். அவருக்கு வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, ஊதியத்துடன் கூடிய விடுப்பு ஆகியவை வழக்கமாக இருப்பதில்லை. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் தேவைப்படும். அந்த வரியைக் கட்டணத்துக்கு மேல் தனியாகப் பெறுவதா, கட்டணத்துக்குள்ளேயே அடங்குமா என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளாதவர்கள் பின்னர் கைப்பணத்திலிருந்து கட்ட நேரிடும்.

இரு பணிகளுக்கும் இடையிலான ஊதிய வேறுபாட்டை அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பின் விவரங்கள் காட்டுகின்றன. 2024 மே மாத நிலவரப்படி அங்கே பயணிகள் விமான நிறுவன விமானிகளின் நடுநிலை ஆண்டு ஊதியம் 2,26,600 டாலர். வாடகை விமானம், விமான ஆம்புலன்ஸ் உள்ளிட்ட பிற வணிக விமானிகளின் நடுநிலை ஊதியம் 1,22,670 டாலர். அதாவது முன்னதில் ஏறக்குறைய 54 சதவீதம். இது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. பெரிய ஜெட்களின் அனுபவமிக்க தலைமை விமானிகள் இதைவிட அதிகம் பெறுகின்றனர்.

ஓய்வூதியம் ஏன் போதாது?

லட்சக்கணக்கில் ஊதியம் பெற்றவர் ஏன் 60 வயதுக்குப் பின் வேலை தேட வேண்டும் என்ற கேள்வி எழலாம். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கீட்டில் அதற்கான விடையின் ஒரு பகுதி உள்ளது. 2014 செப்டம்பர் 1 முதல் அத்திட்டத்தில் ஓய்வூதியத்துக்கான மாத ஊதிய வரம்பு 15,000 ரூபாய். பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் கிடைப்பதே மாத ஓய்வூதியம். உயர் ஓய்வூதியத் தெரிவைப் பெற்றவர்கள் நீங்கலாக, 30 ஆண்டுகளுக்கு மேல் பறந்த தலைமை விமானிக்கும் இதன்படி கிடைப்பது 7,500 ரூபாயை ஒட்டியே இருக்கும். அத்தேதிக்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஊதியத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அத்திட்டத்தில் இடமே இல்லை.

எனவே விமானியின் முதுமைக்கால வருவாய் வைப்பு நிதியையும் சொந்தச் சேமிப்பையும் பொறுத்தே அமைகிறது. நிறுவனம் மூடப்பட்டு ஊதிய நிலுவையை இழந்தவர்களுக்கும், பிள்ளைகளின் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்கியவர்களுக்கும் கடைசி ஐந்து ஆண்டுகளின் வருவாய் தவிர்க்க முடியாதது.

பணியின் தன்மை

பெரிய நிறுவனத்தில் விமானியின் பின்னால் ஓர் அமைப்பே இயங்குகிறது. பறப்புத் திட்டம், எரிபொருள், வானிலைத் தகவல், பயணிகளின் உடைமை என ஒவ்வொன்றையும் கவனிக்கத் தனி ஊழியர்கள் உண்டு. வாடகை விமானத்தில் இவற்றில் பலவும் விமானிகளின் தோளில் விழுகின்றன. தரையிறங்கும் அனுமதியை உறுதி செய்வது, எரிபொருளுக்கு ஏற்பாடு செய்வது, பயணியின் பெட்டியை ஏற்றுவது, உணவு வந்ததா என்று பார்ப்பது வரை எல்லாமே வேலைதான்.

மும்பை போன்ற நெரிசலான விமான நிலையங்களில் சிறு விமானங்களுக்கு நேர ஒதுக்கீடும் நிறுத்துமிடமும் கிடைப்பது கடினம். மறுபக்கம், மாவட்ட அளவிலான ஓடுதளங்கள் பலவற்றில் கருவி வழித் தரையிறக்க வசதி இல்லை, ஓடுதளமும் குறுகியது. பெருநகர விமான நிலையங்களிலேயே பறந்து பழகியவருக்கு இது புதிய சூழல்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது ‘இன்று போக இயலாது’ என்று சொல்வது. விமானத்தை அமர்த்தியவரோ அதன் உரிமையாளரோ நேரில் நின்று கேட்கும்போது, வானிலையைக் காரணம் காட்டி மறுக்க உறுதி வேண்டும். 2001 செப்டம்பர் 30 அன்று முன்னாள் மத்திய அமைச்சர் மாதவராவ் சிந்தியா, கான்பூர் பொதுக்கூட்டத்துக்குச் சென்ற சிறிய விமானம் உத்தரப் பிரதேசத்தின் மெயின்புரி அருகே மோசமான வானிலையில் விழுந்ததில் உயிரிழந்தார். சிறிய விமானப் பயணங்களில் வானிலை குறித்த முடிவு எவ்வளவு பெரிது என்பதற்கு அது இன்றும் நினைவுகூரப்படும் நிகழ்வு. மூத்த விமானியின் அனுபவம் அதிகம் பயன்படும் இடமும் இதுவே. நாள் கட்டண ஒப்பந்தத்தில், மறுத்த பயணத்துக்கும் ஊதியம் உண்டு என்று எழுதப்பட்டிருப்பது இதனால்தான் அவசியமாகிறது.

உடல் தகுதியும் உரிமமும்

60 வயதைக் கடந்த வணிக விமானியின் முதல் நிலை மருத்துவச் சான்று 6 மாதங்களுக்கே செல்லும். இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, பார்வை, செவித்திறன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் ஐயம் எழுந்தாலும் தற்காலிகத் தகுதியின்மை அறிவிக்கப்படலாம். பெரிய நிறுவனங்கள் இதற்கெனக் குழு அடிப்படையில் உரிம இழப்புக் காப்பீடு வைத்திருக்கும். பணியிலிருந்து விலகியதும் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். 60-க்குப் பின் தனிநபராக அதைப் பெறுவது கடினம், செலவும் அதிகம்.

வேலையின்றி இருக்கும் மாதங்களும் ஆபத்தானவை. பயணிகளுடன் பறக்க, கடந்த 90 நாட்களில் குறைந்தது மூன்று முறை மேலெழும்பித் தரையிறங்கியிருக்க வேண்டும். திறன் சோதனைகளைக் குறித்த காலத்தில் முடித்திருக்க வேண்டும். ஓராண்டு இடைவெளி விட்டவரைவிட, நேற்று வரை பறந்தவரையே நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கின்றன.

65-க்குப் பிறகு

65 நிறைந்தவருக்கு இந்தியாவில் எஞ்சியிருக்கும் வழிகளில் முதன்மையானது சிமுலேட்டர் பயிற்சி. குருகிராம், ஹைதராபாத், பெங்களூரு உள்ளிட்ட நகரங்களின் பயிற்சி மையங்களில், விமானத்தில் பறக்காமல் சிமுலேட்டரில் மட்டும் கற்பிக்கும் பயிற்றுநர்களாக மூத்த விமானிகள் பணியாற்றுகின்றனர். இதற்கு டிஜிசிஏ ஒப்புதல் தேவை. பணியில் இருக்கும்போதே பயிற்றுநர் அல்லது தேர்வாளர் தகுதியைப் பெற்றிருப்பவருக்கு இந்த வழி எளிது.

தேவையும் வளர்ந்து வருகிறது. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஒப்பந்தம் செய்தன. அடுத்த 15 முதல் 20 ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என மத்திய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சர் கே. ராம் மோகன் நாயுடு 2025-ல் தெரிவித்தார். விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக உயர்த்திய விதிகளும் ஆள் தேவையைக் கூட்டியுள்ளன. அத்தனை பேருக்கும் கற்பிக்க ஆசிரியர்கள் வேண்டும்.

விமானப் பள்ளிகளில் தரைவழிப் பாடம் நடத்துவது, விமான நிறுவனங்களின் பாதுகாப்புத் தணிக்கை, விபத்து ஆய்வு, புதிய நிறுவனங்களுக்கான இயக்கக் கையேடு தயாரிப்பு ஆகியவை மற்ற வழிகள்.

வெளிநாடு செல்லலாமா என்று கேட்போரும் உண்டு. அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனங்களுக்கு 65 வயது வரம்பு உள்ளது. வாடகை விமானச் சேவைக்குப் பொதுவான உச்ச வயது இல்லை. மிகப் பெரிய வாடகை ஜெட் நிறுவனங்கள் மட்டும் 70 வயது வரம்பு விதித்துக்கொள்ள 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் வழிசெய்தது. ஆனால் அந்த வாய்ப்பு அங்கே பணியாற்றச் சட்ட உரிமையும் அந்நாட்டு விமானி உரிமமும் உள்ளவர்களுக்கே. மேலும், 65-ஐக் கடந்தவர் நாட்டின் எல்லையைத் தாண்டி வணிக விமானம் இயக்கச் சர்வதேச வரம்பு தடையாக நிற்கும்.

எச்சரிக்கை தேவைப்படும் இடம்

65 வயதைக் கடந்தவர்களைத் தேடி வரும் அழைப்புகளில் ஒன்று, தனியார் வகை விமானத்தை இயக்கும் வேலை. உரிமையாளர் நிறுவனத்தின் சொந்தப் பயணத்துக்கு மட்டும் என்றால் அது வேறு. ஆனால் அதே விமானத்தில் கட்டணம் செலுத்திய வெளியாட்கள் ஏற்றப்பட்டால் அது அனுமதியற்ற வணிகச் சேவையாகிவிடும். அப்போது விமானியின் வயதும் விதிமீறலாகும். உரிமம் பறிபோகலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். பொறுப்பு விமானியின் குடும்பத்தின் மீதும் விழலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் விமானி கேட்க வேண்டிய கேள்விகள்:

• விமானம் எந்த வகைப் பதிவில், எந்த அனுமதியின் கீழ் இயங்குகிறது? அனுமதியின் காலாவதித் தேதி என்ன?

• தன் வயதில் உள்ளவர் அந்த விமானத்தை இயக்க டிஜிசிஏ விதிகளும் காப்பீட்டு ஆவணமும் இடமளிக்கின்றனவா? அது எழுத்தில் உள்ளதா?

• வகைத் தகுதிப் பயிற்சிக்கு யார் செலவிடுகிறார்? இடையில் விலகினால் அல்லது மருத்துவத் தகுதி இழந்தால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்?

• காத்திருப்பு நாள், ரத்தான பயணம், பயணியின்றித் திரும்பும் பயணம் ஆகியவற்றுக்கு ஊதியம் உண்டா?

• மாதத்தில் எத்தனை நாள் உறுதியான விடுப்பு? எந்த ஊர் பணித்தளம்?

• விபத்து, மருத்துவம், உரிம இழப்பு ஆகியவற்றுக்கான காப்பீட்டை யார் எடுக்கிறார்?

• வானிலை காரணமாகப் பயணத்தை மறுக்கும் இறுதி அதிகாரம் தலைமை விமானிக்கே என்று எழுதப்பட்டுள்ளதா?

மொத்தத்தில், வாடகை ஜெட் பணியை 65-க்குப் பின் தொடங்கும் இரண்டாம் வாழ்வாக இந்திய விமானிகள் கருத முடியாது. விரும்புபவர்கள் 57 அல்லது 58 வயதிலேயே வகைத் தகுதி, முன்னறிவிப்புக் காலம், பயிற்சிச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு முடிவெடுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் 64 வயது வரை பெரிய விமானத்திலேயே இருந்துவிட்டவர்களுக்கு, வாடகை ஜெட்டைவிடச் சிமுலேட்டர் பயிற்றுநர் தகுதியே நீடித்த வருவாய் தரும்.